தொண்ணூற்றாறாம் வருசத்து சாம்பிள்

"ஒரு மணி நேரமா ஊறுது, உரிய மாட்டேங்குதே!" என்று சங்கையா வாளிக்குள் கிடந்த பாட்டிலைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தில் நிறம் சேர்ப்பது அவர் வேலை. பாட்டில் காலையில்தான் பிரான்சிலிருந்து பார்சலில் வந்தது. இருநூறு வருசப் பழைய கம்பெனியின் நுரைக்கிற ஒயின்; லேபிளில் 1996 என்று போட்டிருந்தது. இந்த ஊருக்கு வெளியூர்க் கம்பெனி எதை அனுப்பினாலும் அது சாம்பிள்தான். உரித்து, அளந்து, அதே மாதிரி அடித்துக் கொடுக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்தக் கம்பெனி அம்மாளே சாயங்காலம் வருகிறார். படத்தைப் பார்த்து அடித்துப் போன மாதம் அனுப்பிய மாதிரி லேபிளுக்கு இன்னும் பதில் இல்லை. ஆர்டர் கிடைத்தால் காலண்டர் சீசன் முடிந்த பிறகும் இரண்டாவது மெஷின் ஓடும். கிடைக்காவிட்டால் பேக்கிங் மாடத்தியோடு சேர்த்துப் பதினாலு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"வெந்நியில போடுங்கண்ணே" என்றாள் மாடத்தி.

போட்டார். லேபிள் கிழிந்துகொண்டு வந்தது. கழுத்திலிருந்த தங்கத்தாளையும் அளக்க வேண்டுமே என்று அதை உரித்து, அடியிலிருந்த கம்பியையும் கழற்றினார்.

டமார்!

இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் நின்று காரணம் கேட்பதில்லை. அடுத்த நிமிடம் மொத்த அச்சகமும் ரோட்டில் நின்றது. பயம் தெளிந்து திரும்பி வந்தால், தக்கை பறந்து, பாட்டிலில் பாதி ஒயின்தான் மிச்சம்.

"போச்சு, எல்லாம் போச்சு! அந்தம்மா சாம்பிளைத் திருப்பிக் கேட்டா என்ன செய்ய?" என்று மாடத்தி தலையில் கை வைத்தாள்.

"ஏன் போகுது? மிச்சத்தை வச்சு மேட்ச் பண்றதுதானே நம்ம தொழிலு?"

டம்ளரில் ஊற்றி வாயில் வைத்தார். முகம் சுருங்கியது, பிறகு மெதுவாக விரிந்தது.

"மொதல்ல புளிச்ச மாவு. அப்புறம் வறுத்த முந்திரி. கடைசில தேனு. முழுங்கியாச்சு, இன்னும் நாக்கை விட்டுப் போக மாட்டேங்குது, பாரு!"

மாடத்தி மோந்து பார்த்தாள். "காளான் வாடையும் அடிக்குதுண்ணே. பொங்கறதுதான் கம்மி."

"முப்பது வருசம் அடைஞ்சு கெடந்தா நீயும் நானும் மட்டும் பொங்குவோமாக்கும்?"

கோலி சோடா ஊற்றினார். பொங்கியது, ஆனால் நிறம் வெளுத்தது. டீக்கடை டிக்காசன் விட்டார். நிறம் வந்தது, கசந்தது. தேன் விட்டதும் இருமல் மருந்தாகிவிட்டது. எலுமிச்சம்பழம் பிழிந்தார், நுரைத்துச் சட்டையெல்லாம் நனைந்தது. உப்பிப்போன தக்கையைச் செதுக்கி அடித்து இறக்கிக் கம்பி கட்டினார். கிழிந்த லேபிளுக்குப் பதிலாக, போன மாதம் அவரே அடித்து அனுப்பிய மாதிரியில் ஒன்றை எடுத்து ஒட்டினார். பழைய பாட்டிலில் அது மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது.

நாலு மணிக்குப் பிரெஞ்சு அம்மாள் வந்தார். மொழிபெயர்க்க பர்ஹத் வந்திருந்தாள். விருதுநகர்ப் பெண், பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்தவள்.

சங்கையா பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினார். அம்மாள் முகம் மலர்ந்து, அங்கேயே திறந்து ஊற்றிக் குடித்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. பிறகு ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றாக?"

"இந்த மாதிரி ஒண்ணை ஆயுசுல குடிச்சதில்லையாம்."

சங்கையாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "தாயீ, பாதி போயிருச்சு! சோடா, டீத்தண்ணி எல்லாம் நான் ஊத்துனதுதான். லேபிளும் நம்ம அடிச்சது. என்னைய வேலைய விட்டு அனுப்பச் சொல்லுங்க, போயிருதேன். ஆர்டரை மட்டும் நிப்பாட்டிராதீக, பதினாலு பேரு பொழப்பு!"

பர்ஹத் சொல்லச் சொல்ல அம்மாளின் தோள் குலுங்கியது. புது லேபிளைத் தடவிப் பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். சங்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினார்.

பர்ஹத் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ஆர்டர்ல காலைலயே கையெழுத்துப் போட்டாச்சுண்ணே, அது சாம்பிளே இல்ல, அச்சு அசலா தங்க நெறம் கொண்டாந்த சங்கையா குடிக்கட்டும்னு உங்க பேருக்கு அனுப்புன பரிசாம்!"