பேயண்ணை எழும்பாத வகுப்பு

மொன்றியலில் உயிரோடு இருக்கும்போதே பேயாக உலாவிய ஒரே மனிதர் எங்கள் பேயண்ணைதான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில், எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர். பனிக்காலத்தில் எல்லோருடைய சப்பாத்தும் நடைவழியில் குளம் கட்டும். அவர் நடந்த இடம் காய்ந்து கிடக்கும். கதவுச் சத்தம் கேட்காது. கழுத்து குளிரும். திரும்பினால் பின்வரிசையில் இருப்பார்.

கியூபெக்கில் வெறும் மார்க்கைப் பார்த்து இடம் தரமாட்டார்கள். கூடப் படிப்பவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதையும் சேர்த்து எடைபோட்டு ஆர் ஸ்கோர் என்று ஒன்று தருவார்கள்; கெட்டிக்காரர் நிறைந்த வகுப்பென்றால் அது ஏறும். தவணை தொடங்கியதும் பேயண்ணை வகுப்பு வகுப்பாக வந்து, கண் இமைக்காமல் முகங்களைப் பார்ப்பார். "பாரம் காணாது" என்று முணுமுணுத்துவிட்டு மறைவார். பின்னேரத்துக்குள் பாதி வகுப்பு வேறு வகுப்புக்கு மாறியிருக்கும். ஒருமுறை இரசாயன ஆசிரியரே தனக்கும் வேறு வகுப்பு உண்டா என்று அலுவலகத்தில் விசாரித்ததாகக் கதை.

அந்த வருடம் துறைமுகத்தில் வேலை செய்த அப்பா விழுந்து, இடுப்பு முறிந்து படுத்துவிட்டார். பின்னேரங்களில் நான் மூலைக்கடையில் வேலைக்கு நின்றேன். என் நேரத்துக்குப் பொருந்திய ஒரே பௌதிக வகுப்பு, மற்றவர்கள் கைவிட்டது. பார்மசி படிக்க ஆசைப்பட்டவளுக்கு அது படுகுழி.

முதல் நாளே கழுத்து குளிர்ந்தது.

"பாரம் காணாதோ, அண்ணை?" திரும்பிக் கேட்டேன்.

"காணாதுதான்."

"அப்ப போகேல்லையோ?"

"இருக்கிறன்."

பேயண்ணை எழும்பாத வகுப்பு என்று செய்தி பரவியது. மறுநாளே கல்லூரியின் கெட்டிக்காரர் எல்லோரும் மாறி வந்தார்கள், கதிரை போதவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை. பேயிடம் யார் கேட்பது?

வகுப்பு மாற்றும் கடைசி நாளுக்கு அடுத்த நாள் திரும்பிப் பார்த்தேன். அவர் கதிரை வெறுமை. ஆசிரியரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு மாணவர் இந்த வகுப்பில் பதிவே செய்யவில்லை என்றார். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

கெட்டிக்காரர் நடுவில் நான் எடுத்த சுமாரான மார்க்குக்கும் பாரம் வந்தது. பார்மசியில் இடம் கிடைத்தது.

பேயண்ணைக்கு அதைச் சொல்லப் போனபோது அவர் வீட்டில் இல்லை. அவருடைய அம்மா தேத்தண்ணி தந்தார்.

"உன்ரை அப்பா விழுந்ததைக் கோயிலிலை கேள்விப்பட்டவன். ஒருத்தரோடையும் கதைக்கத் தெரியாது அவனுக்கு. பார்மசி முடிவு வாற கிழமை உன்ரை பேரிலை பூசைக்குக் குடுத்தவன், பிள்ளை."

தேத்தண்ணி ஆறிய பிறகும் அதை ஊதிக்கொண்டே இருந்தேன்.