மூன்று மணிக்கு மேல் விற்ற போனஸ்

மில்லில் நூல் வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விலை என்று எதைக் கண்டாலும் அது தனக்கு அத்துப்படி என்று நினைத்துவிடுவார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. (இப்போது கட்டுக்குள் இருக்கிறது. மருந்து, என் வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை.)

முதலிபாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. தையல் பக்கமெல்லாம் அவர். நூல் வாங்குவதும் கணக்கும் நான். மில் ஏஜென்ட் போன் செய்வார்: "அக்கா, ரேட் ஏறப்போகுதுங்க. இன்னைக்கே புக் பண்ணிரட்டுங்களா?" "பண்ணிருங்க" என்பேன். அவ்வளவுதான். நூல் பத்து நாள் கழித்து வந்தாலும், நான் வாயைத் திறந்த நேரத்து விலைதான் விலை. பார்த்த விலைக்குப் பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

தீபாவளி போனஸுக்கென்று மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அது பேங்கில் சும்மா தூங்குவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. போனில் ஒரு ஆப்பை இறக்கி, அவரிடம் சொல்லாமல் மொத்தத்தையும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டேன். பங்குச் சந்தை இறங்கினால் வாங்குவது, ஏறினால் விற்பது, மறுபடி இறங்கினால் வாங்குவது. வருஷக்கணக்கில் போட்டு வையுங்கள் என்று சொல்கிறவர்களெல்லாம் நூல் யாவாரம் தெரியாதவர்கள் என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

நான்கைந்து முறை வாங்கி விற்றேன். திரையில் பச்சையாக ஒரு எண் தெரியும். அதைப் பார்த்துப் பூரிப்பேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ பிடித்தம் என்று இருக்கும். பொடி எழுத்தைப் படிக்கிற வயதா எனக்கு? விற்ற பணம் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆனதும் கண்ணில் படவில்லை. அவசரம் இருந்தால்தானே படும். நாத்தனார் வீட்டு விசேஷப் பந்தியில் உட்கார்ந்து, "பணத்த ஒரு எடத்துல உக்கார விடக்கூடாதுங்க" என்று பக்கத்து இலைக்காரம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். அந்தம்மா பாயசத்தையும் மறந்து கேட்டார். அவர் எதிலும் பணம் போட்டிருக்கக் கூடாது என்று இன்றுவரை வேண்டிக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் பனியனுக்கு ஓரம் அடிக்கிற எங்கள் ஓவர்லாக் டெய்லர் செல்வி வேலையை விட்டு நின்றாள். பரமக்குடிப் பக்கத்துப் பெண். அம்மாவுக்கு ஆபரேஷன், பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

"அக்கா, இத்தன மாசம் வேல பாத்துருக்கேன்ல. போனஸ் ஏதாச்சும் பாத்துக் குடுங்கக்கா" என்றாள்.

"தீபாவளிக்கு முந்தி நின்னா போனஸ் இல்லீன்னு தெரியுமில்ல கண்ணு? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். அந்த ரூலைப் போட்டதே நான்தான். பக்கத்துக் கம்பெனியில் பீஸுக்குக் கூலி கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால், மத்தியானம் சாப்பிடப் போகிற டெய்லர் அங்கேயே மிஷினில் உட்கார்ந்துவிடுவார். புது ஆளைப் பழக்கி எடுப்பதற்குள் இருக்கிறவர்கள் பாடு திண்டாட்டம். செல்வி பையைத் தூக்கிக்கொண்டு போனாள். நானும் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த வருஷம் தீபாவளி திங்கட்கிழமை. சனிக்கிழமை போனஸ். வாங்கிய கையோடு எல்லாரும் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். போனஸ் கொடுக்காவிட்டாலும் ஏறுவார்கள்தான், திரும்பி எங்களிடம் வரமாட்டார்கள். பண்டிகை முடிந்து மிஷின்கள் ஆளில்லாமல் நிற்கிற கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை சந்தை நன்றாக ஏறியிருந்தது. சாயங்காலம் டீயைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் விற்கச் சொல்லி பொத்தானை அழுத்தினேன். வெள்ளிக்கிழமை காலையில் சந்தை சரிந்தபோது, நேற்றே விற்ற கெட்டிக்காரி என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். மத்தியானம்வரை பணம் வராததால் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். தேன் தடவிய குரலில் ஒரு பெண் பேசினாள்.

"மேடம், நீங்க மூணு மணிக்கு மேல போட்டிருக்கீங்க. அதனால இன்னைக்கு விலைதான் கிடைக்கும்."

"அதெப்படீங்க? நான் நேத்துப் பார்த்த ரேட்டுக்குத்தானுங்க குடுக்கோணும்?"

"நீங்க பார்த்தது முந்தின நாள் விலை மேடம். அன்னன்னைக்கு விலை ராத்திரிதான் தெரியும்."

"போன வெலைய எதுக்குங்க கண்ணுல காட்டறீங்க?"

அவள் அடுத்ததற்குத் தாவினாள். "நடுவுல லீவு வருது மேடம். பணம் புதன்கிழமை வரும். ஒரு வருஷத்துக்குள்ள எடுக்கறதால எக்ஸிட் லோடுன்னு ஒரு பிடித்தமும் உண்டு. இதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பிடிச்சிருக்கு, பார்க்கலீங்களா?"

"எம் பணத்த நான் எடுக்கறதுக்கு எதுக்குங்க புடிக்கறீங்க?"

"ஆளுங்க வந்து வந்து போனா, இருக்கறவங்களுக்குத்தான் நஷ்டம் மேடம். பிடிக்கற தொகை அந்த ஃபண்டுக்கே போயிடும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

போனை வைத்துவிட்டேன். அது என் வசனம். ஒரு வார்த்தை மாறாமல் செல்வியிடம் சொன்னது. எனக்கு வெட்கமாக இருந்தது, பணம் போனதைவிட அதிகமாக.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். "வண்டில ஏறு புள்ள" என்றார். புது மிஷின் வாங்க அவர் வைத்திருந்த எஃப்.டி.யை முறிக்க பேங்குக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர், "முன்னாடியே முறிச்சா வட்டில கொஞ்சம் பிடிச்சுக்குவோமுங்க" என்றார். என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பேங்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

சனிக்கிழமை எல்லாருக்கும் போனஸ் கொடுத்தோம். செல்விக்கு நானே போன் செய்தேன். வேலை பார்த்த மாதங்களுக்குக் கணக்குப் போட்டு அனுப்புவதாகச் சொன்னேன். "என்னக்கா திடீர்னு?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ரூலை மாற்றிவிட்டோம். மிஷின் வாங்குவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. வீட்டில் மகள் ஒரே ஒரு தோசையோடு பாதியில் எழுந்தால், "எக்ஸிட் லோடு!" என்று அவர் குரல் கொடுப்பார். அபராதமாக எல்லார் தட்டையும் அவள்தான் கழுவ வேண்டும். விருந்தாளிகள் காபியோடு கிளம்பினாலும் இதே பேச்சுத்தான். அவர்கள் விழிப்பார்கள். உடனே கதை ஆரம்பமாகும். நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

பொங்கல் கழித்துச் செல்வி திரும்பி வந்துவிட்டாள். இன்னும் எங்களிடம்தான் இருக்கிறாள். லீவு வேண்டுமென்றால் நேரே என் மேஜைக்கு வருவாள். முகத்தில் சிரிப்பின் சுவடே இருக்காது. முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"அக்கா, இன்னும் மூணு மணி ஆகல. நான் கேட்டது இன்னைக்குக் கணக்குலயே வந்துரும்ல?"