நடுவில் நாலு துண்டு

சனிக்கிழமை காலை பத்து மணி; பதினாறு எண்கள்; வீட்டில் கணினி முன்னால் வாத்தியார்.

அலுவலகத்தில் புதியவர்களுக்கு நிரல் எழுதச் சொல்லித் தருவதால் வந்த பெயர் அது. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு ஒரே ஒரு தேர்வு. நாலுக்கு நாலு கட்டத்தில் உள்ள எண்களை, இன்னொரு கட்டத்தின் துணையில்லாமல், அதே இடத்தில் வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்ப வேண்டும். பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பியாக வேண்டும். பதவி கிடைத்துவிட்டதாக மச்சானிடம் போன வாரமே அளந்தாகிவிட்டது.

வாத்தியார் எழுதிய நிரல் ஒவ்வொரு ஜோடியையும் இடம் மாற்றியது. பிறகு அதே ஜோடியை மறுபடி மாற்றியது. பதினாறும் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தன. ஐந்து முறை ஓட்டினார். ஐந்து முறையும் அதே கதை.

பக்கத்தில், தையல் வேலை செய்யும் மனைவி ஒட்டுப் போர்வைக்காகப் பதினாறு துணித் துண்டுகளை மேசையில் நாலுக்கு நாலாகப் பரப்பியிருந்தார். அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா? தந்திரமாகக் கறந்துவிடலாம்.

"இதை அப்படியே வலப்பக்கம் திருப்பி வையேன். எடுப்பா இருக்கும்."

"போர்வையைத் திருப்பிப் போர்த்தினா போச்சு."

"இல்லம்மா, துண்டு துண்டா மாத்தணும். வேற மேசை கூடாது."

"ஏன் கூடாது?"

"சும்மாதான்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மேல் இடது மூலைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். கீழ் இடது மேலே ஏறியது. கீழ் வலது இடப்பக்கம் வந்தது. மேல் வலது கீழே இறங்கியது. கையிலிருந்தது காலி இடத்தில் உட்கார்ந்தது. ஓரம் முழுக்க இப்படியே நாலு நாலாகச் சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"நடுவில நாலு இருக்கே?"

"அது கிடக்கட்டும். அழகா இருக்கு."

வாத்தியார் அப்படியே எழுதி அனுப்பினார். ஓட்டிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மேலாளர் அழைத்தார். மனைவியும் கேட்கட்டும் என்று வாத்தியார் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"ஓரம் பிரமாதம். நடுவில நாலு எண் ஏன் அசையவே இல்ல?"

"அது... அழகா இருக்கட்டும்னு, மேடம்."

"அழகாவா?"

மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே பேசினார்.

"அதையும் அதே மாதிரி சுத்தணும், மேடம். காலையிலேருந்து இவர் திரையைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். வாயைத் திறந்து கேட்டிருந்தா நடுவையும் காட்டியிருப்பேன்."



"போனைக் கொஞ்சம் அவங்ககிட்ட குடுங்க," என்றார் மேலாளர்.

செப்டம்பர் 15, திங்கட்கிழமை, அலுவலகத்தில் புதியவர்களுக்கான வகுப்பை மனைவி தொடங்கினார். வாத்தியார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.