இன்னும் கொஞ்சம் மெக்னீசியா

‘இன்னும் கொஞ்சம்’ ஆசாமிகளை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அளவு சரியாக இருக்கிற எதைக் கண்டாலும் இவர்களுக்குக் கை அரிக்கும். சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் பக்கத்து மேசைக்காரரின் பிரியாணியில் அவரைக் கேட்காமலே எலுமிச்சை பிழிவார்கள். கல்யாண மேடையில் மாப்பிள்ளை நன்றி சொல்லி முடித்த பிறகு மைக்கை வாங்கி மறுபடியும் நன்றி சொல்வார்கள். நீங்கள் அழுத்திவிட்ட லிஃப்ட் பொத்தானைத் தாங்களும் நான்கு தடவை அழுத்துவார்கள். கெட்ட எண்ணமா? சேச்சே! எல்லாம் பாசம்.

இவர்களில் தலைசிறந்தவர் சுவா சூ காங் வட்டாரத்து வாகீசன். துவாஸில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் ஆய்வுக்கூட அதிகாரி. அலுமினாத் தூளை அழுத்தி, உலையில் ஆயிரத்து எழுநூறு டிகிரியில் சுட்டு, வெளிச்சம் ஊடுருவும் குழாய்கள் செய்கிற இடம் அது. குழாய் தெளிவாக வர, தூளில் மெக்னீசியா என்ற வெள்ளைப் பொடியைத் துளியூண்டு கலக்க வேண்டும். அந்தச் சூட்டில் அலுமினா அதைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும், ஆனால் அளவோடுதான். மூவறை வீட்டுக்கு நாற்பது விருந்தாளிகள் வந்தால் முக்கால்வாசிப் பேர் தாழ்வாரத்தில்தானே நிற்பார்கள்? மிஞ்சிய மெக்னீசியாவும் கரையாமல், அலுமினாவோடு சேர்ந்து வேறு படிகமாகத் திரண்டு, வெளிச்சத்தை மறிக்கும். புதியவர்களுக்கு இந்த வகுப்பை எடுப்பவரே வாகீசன்தான்!

அங்கே உலை பார்க்கிறவன் சுரேந்தர். “இந்த பேட்ச் கிளியரா வந்தா நீதான் சூப்பர்வைசர்,” என்று மேனேஜர் மரியம்மாள் போன மாதம் சொல்லிவிட்டார். ஆறு வருடமாக அதற்குத்தான் காத்திருந்தான். மெக்னீசியாவை மூன்று தடவை நிறுத்து, தூளோடு ஜாடியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான்.

வாகீசன் உள்ளே வந்தார். பாவம் பையன், ஆறு வருடம்! ஒரு சிட்டிகை போட்டார். தரை துடைத்துக்கொண்டிருந்த பூவம்மா நிமிர்ந்தார்.

“என்னா சார் அது?”

“மெக்னீசியா. சுரேந்தருக்கு நல்லது.”

பூவம்மா கண்ணை மூடி, வீரமாகாளியம்மனை நினைத்து, ஒரு கை நிறைய அள்ளிப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து உலை திறந்தது. குழாய்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. மரியம்மாள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“என்ன சுரேந்தர், லைட்டே போகல லா?”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாகீசன் அவன் தோளில் கை வைத்தார்.

“நான் அப்பவே நெனச்சேன். இன்னும் கொஞ்சம் போட்டிருக்கணும்.”

சிரிக்கிறீர்கள். சரி, ‘அந்தப் பையனுக்காக நாமாவது மரியம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்போமே’ என்று இந்நேரம் உங்கள் மனத்தில் ஓடுகிறதா, இல்லையா? தயவுசெய்து வேண்டாம். உங்களைப் போன்ற நல்ல மனசுக்காரர்கள் பதினேழு பேர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. முதல் இரண்டு பேர் சொன்னபோது, “அடுத்த பேட்ச்ல பார்ப்போம்,” என்றுதான் இருந்தார் அந்த அம்மாள். பதினேழாவது ஆள் போன் செய்த அன்று சுரேந்தரை பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்.