காளியாயி வீட்டு மொய்யின் நியாய மதிப்பு

உலகத்துக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் தகுதி இங்கிலாந்துக்கு உண்டா, அமெரிக்காவுக்கு உண்டா என்று படித்தவர்கள் பத்திரிகைகளில் வாதம் செய்கிறார்கள். வீண் வாதம். அந்தத் தகுதி எழுபத்தொன்றாம் வருஷத்திலிருந்து காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில், ‘தென்பாண்டி விசேஷ முதலீட்டுக் கம்பெனி லிமிடெட்’ என்ற பலகைக்குப் பின்னால் குடியிருந்தது. லண்டன்காரர்கள் வந்து பார்க்காதது அவர்கள் துரதிர்ஷ்டம்.

என் தகப்பனாரிடம் அந்தக் கம்பெனியின் பங்கு பத்து இருந்தது. அதனால் ஆண்டறிக்கை எங்கள் வீட்டுக்கும் வரும். அதை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படித்தவள் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன்.

கம்பெனியை நிறுவியவர் நாகநாதன். நிலபுலம் உள்ளவர். மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த ‘நவீன நிதி நிர்வாகக் கருத்தரங்கு’க்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தச் சாஸ்திரம் முழுவதையும் கற்றுக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தவர். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது மொய்.

நம் பக்கத்தில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுத் தட்டில் மொய் வைத்துவிட்டு வருகிறோம். நாளைக்கு நம் வீட்டில் விசேஷம் என்றால் அவர் வந்து, நாம் வைத்ததற்குமேல் கொஞ்சம் கூட்டி வைக்கிறார். இதை நம் முன்னோர்கள் ‘உறவு’ என்று தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். இது ‘நிதிக் கருவி’ என்று கண்டுபிடித்துச் சொன்னவர் நாகநாதன். யாருக்கெல்லாம் ஊரிலிருந்து மொய் திரும்பி வரவேண்டியிருக்கிறதோ, அவர்கள் அதைக் கம்பெனியின் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் வீட்டு விசேஷத்தன்று கம்பெனியின் தட்டு வந்து பந்தல் வாசலில் உட்காரும். அவர்களுக்குச் சேரவேண்டியதைக் கம்பெனி ‘நியாய மதிப்பில்’ கொடுக்கும்.

நியாய மதிப்பு என்ற சொல் ஊருக்குள் பரவியதும் சில பெண்கள் பையோடு மாடியேறி, சர்க்கரை எப்போது போடுவீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விளக்கம் அளிக்கப்பட்டது. ஒருவர் தட்டில் நம் கண்ணெதிரே பணத்தை வைத்தால் அதுவே அவருடைய மொய்யின் மதிப்பு, இது உத்தமம். அவர் இன்னும் வைக்கவில்லை என்றால், அவருடைய பங்காளியோ சம்பந்தியோ எங்கே எவ்வளவு வைத்தார்கள் என்று விசாரித்து அதையொட்டிப் போட்டுக்கொள்ளலாம், இது மத்திமம். விசாரித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிர்வாக இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மனத்தில் என்ன தொகை தோன்றுகிறதோ அதைச் சொல்வார். கம்பெனியின் சொத்தில் பெரும்பகுதி கண்ணை மூடித்தான் கணக்கிடப்பட்டது. நாகநாதனுக்கு நல்ல விஷயங்களாகவே தோன்றும்.

தாலுகா ஆபீஸில் பியூனாக வேலை கிடைத்த சோணைமுத்து ஒருநாள் மாடிக்கு வந்தார். கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மொய்களில் அவர் செய்யவேண்டியதும் ஒன்று. அதன் மதிப்பு பதினொன்றிலிருந்து முப்பதுக்கு ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டுப் பயந்துபோய் வந்திருந்தார்.

“நான் செய்ய வேண்டியது பதினோரு ரூவாதானங்கய்யா?”

“பதினொண்ணுதான். யாரு இல்லன்னா?”

“முப்பதுன்னு எழுதியிருக்கீகளாம்ல?”

“ஒனக்கு கவர்மெண்டு வேல கெடச்சிருச்சு. இனிமே பதினொண்ணு வைக்க ஒனக்கே வெக்கமா இருக்கும். அதனால மதிப்பு முப்பது.”

“அப்ப மிச்சம் பத்தொம்பது ரூவாய யாரு தாரது?”

“யாரும் தர வேண்டாம். அது லாபம்.”

சோணைமுத்து நிம்மதியாக இறங்கிப்போனார். இப்படி ஊரில் ஒவ்வொருவரும் வேலைக்குப் போனபோதும், சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியபோதும், கிணற்றில் தண்ணீர் கண்டபோதும் கம்பெனிக்கு லாபம் வந்துகொண்டே இருந்தது. லாபம் கணக்கில் வந்தது. அதிலிருந்து இயக்குநர்களின் பங்கு மட்டும் ரொக்கமாகப் போனது. நாகநாதன் பழைய அம்பாசிடர் ஒன்று வாங்கினார். என் தகப்பனாருக்கு ஒரு காலண்டர் வந்தது.

லாபம் இருக்கும் இடத்தில் அபாயமும் இருக்கும் என்பது கருத்தரங்கில் சொன்னதுதான். அதற்கு நாகநாதன் ‘அபாய வேலி’ போட்டார். விசேஷத்தன்று மழை பெய்து கூட்டம் குறைந்தால் கம்பெனிக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்வதாக, ஜவுளிக்கடை வைத்திருக்கும் இயக்குநர் முகைதீன் பிச்சை கையெழுத்துப் போட்டார். அவர் சுமக்கும் அபாயத்தைத் தான் ஏற்றுக்கொள்வதாகக் கம்பெனியின் செயலாளர் கருத்தையா கையெழுத்துப் போட்டார். கருத்தையாவுக்கு ஏதாவது வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நாகநாதன் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு இவ்வளவு என்று ‘வேலிக் கூலி’ உண்டு. அதை மொய் எழுதிக் கொடுத்தவர்தான் கட்டவேண்டும்.

முகைதீன் பிச்சைக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்து ஒரு கூட்டத்தில் கேட்டார்.

“அண்ணே, நான் வாங்குன அபாயம் இப்ப எங்குட்டு இருக்கு?”

“கருத்தையாகிட்ட.”

“அவரக் கேட்டா நம்ம கம்பெனில இருக்குங்குறாரு.”

“பெறகென்ன? பத்திரமா இருக்குன்னுதான அர்த்தம்.”

மதுரையிலிருந்து வந்த ஆடிட்டர் செம்மலை இந்த ஏற்பாட்டை வெகுவாகப் பாராட்டி, நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஒப்பமிட்டார்.

இத்தகைய கம்பெனியின் கருணைப் பார்வை எழுபத்துமூன்றாம் வருஷம் காளியாயியின் மேல் விழுந்தது.

காளியாயி அரிசி ஆலைக்கு நெல் அவிக்கிறவள். புருஷன் இறந்த பிறகும் வந்த ஒரு பத்திரிகையையும் தட்டாமல் ஊரில் எல்லா விசேஷத்துக்கும் போய் இரண்டோ ஐந்தோ பதினொன்றோ வைத்துவிட்டு வந்தவள். அப்படி வைத்ததெல்லாம், மகள் அன்னக்கிளியின் கல்யாணத்தில் மொத்தமாகத் திரும்பும் என்பதுதான் அவளுடைய சேமிப்பு. அதை நம்பித்தான் ஆவணியில் நாள் குறித்தாள். மகளுக்கு மூன்று பவுனில் சங்கிலி எடுத்தாள். பாதிப் பணம் கொடுத்தாயிற்று. மீதியைக் கல்யாணத்தன்று சாயங்காலம் மொய்ப் பணத்தில் தருவதாகப் பேச்சு. தராவிட்டால் சங்கிலி கடைக்குத் திரும்பிவிடும்.

கருத்தையா அவளை அவியல் அடுப்படியிலேயே போய்ப் பார்த்தார். கூட்டம் வராமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

“ஏன் வராம போகுது? இந்த ஊருல நான் கால் வைக்காத பந்தலே இல்ல,” என்றாள் காளியாயி.

“மழ பேஞ்சா? அதே முகூர்த்தத்துல வேற பத்துக் கல்யாணம் இருந்தா? எங்ககிட்ட எழுதிக் குடுத்துரு. ஒன் மொய்க்கு இன்னைய மதிப்பு என்னா தெரியுமா? ஆயிரத்து எண்ணூறு.”

தன் பெயரோடு சேர்த்து நான்கு இலக்கத் தொகையை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. ஆலையில் மற்றப் பெண்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். விசேஷத்தன்று சாயங்காலம் அவளுடைய மொய்யின் நியாய மதிப்பு எதுவோ, அதைக் கம்பெனி கொடுக்கும் என்பது ஒப்பந்தம்.

கல்யாணத்தன்று மழை இல்லை. காளியாயி யார் யார் பந்தலில் கால் வைத்தாளோ அத்தனை பேரும் வந்தார்கள். காளையார்கோவிலிலிருந்தும் வலையபட்டியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சோணைமுத்துகூட வெட்கம் எதுவும் இல்லாமல் பதினோரு ரூபாய் வைத்தார். கம்பெனித் தட்டு நிரம்பி, பிறகு ஒரு பித்தளை வாளி வைக்கவேண்டி வந்தது. எல்லாவற்றுக்கும் சிகரமாக நாகநாதனே அம்பாசிடரில் வந்திறங்கி நூற்றொரு ரூபாய் வைத்தார். நெல் அவிக்கிறவள் வீட்டில் நூற்றியொன்றா என்று பந்தல் பிரமித்தது. அன்று பொழுது சாய்ந்ததும் தட்டும் வாளியும் அவருடைய கம்பெனிக்கே போயின. தாம் வைத்த பணம் வழி தெரியாமல் திண்டாடக்கூடாது என்ற பொறுப்புணர்ச்சியோடு அவரும் கூடவே போனார்.

நகைக்கடைக்காரரின் ஆள் சைக்கிள் கடை வாசலில் நிற்க, காளியாயி மாடியேறினாள்.

நாகநாதன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, மதிப்பீட்டைத் தொடங்கினார்.

“காளியாயி, இன்னைய தேதிக்கு ஊருல ஒனக்கு யாரு யாரு மொய் செய்யணும்?”

“எல்லாரும்தான் செஞ்சுட்டாகளேய்யா.”

“அப்ப இனிமே வர வேண்டிய பாக்கி?”

“ஒண்ணும் இல்லங்க.”

“இல்லாத ஒண்ண வெலைக்கு வாங்குனா எவ்வளவு குடுக்கலாம்? நீயே நியாயமாச் சொல்லு.”

காளியாயி யோசித்தாள். “தட்டுல விழுந்த காசு இருக்குல்லங்கய்யா?”

“அது இப்ப மொய்யில்ல ஆத்தா. ரொக்கம். ரொக்கத்துக்கு நாங்க மதிப்பு போடுறதில்ல.”

ஆகவே மதிப்பு பூஜ்யம் என்று தீர்மானம் நிறைவேறியது. அதில் வேலிக் கூலி நாற்பத்தைந்து ரூபாயைக் கழித்தபோது காளியாயிதான் கம்பெனிக்குத் தரவேண்டும் என்று தெரிந்தது. கம்பெனி நெருக்கவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தவணை கொடுத்தது.

சங்கிலியை அன்று மாலையே கழற்றவேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள் என்று நகைக்கடை ஆள் தானாகவே சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்னக்கிளி மஞ்சள் கயிற்றோடு நாட்டரசன்கோட்டைக்குப் புருஷன் வீடு போனாள். பஸ் ஏறும் வரை முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் சாதாரணக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். மொய் வைத்தவர்கள் எல்லோரும் காளியாயி பெயருக்குத்தான் வைத்தார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் அவள்தான் திருப்பிச் செய்யவேண்டும். அவளுக்கு வரவேண்டியது கம்பெனிக்கு மாற்றப்பட்டது. அவள் செய்யவேண்டியது மாற்றப்படவில்லை. அதை மாற்றித் தரும்படி அவள் விண்ணப்பிக்கவில்லை என்று அறிக்கையில் அடிக்குறிப்பே இருக்கிறது. ஆகவே புரட்டாசிக்குப் பிறகு காளியாயி இரண்டு ஆலைகளில் நெல் அவித்தாள். கூலியை வாங்கி, தன் கைக்கு வராத பணத்தை ஒவ்வொரு பந்தலாகக் கொண்டுபோய்க் கட்டினாள். வைத்தவர்கள் மேல் தப்பில்லையே என்று சொல்வாளாம். ஒரு வீட்டையும் விடவில்லை.

தை மாதம் நாகநாதனின் பேத்திக்குக் காதுகுத்து. காளியாயிக்குப் பத்திரிகை முறைப்படி வைக்கப்பட்டது. பத்திரிகை கொண்டுபோன கருத்தையா, அய்யா வைத்தது நூற்றியொன்று, அதைக் கொஞ்சம் கூட்டித்தான் செய்யவேண்டும் என்று வழக்கத்தையும் ஞாபகப்படுத்திவிட்டு வந்தார். அப்போது அவள் கையில் இருந்தது ஏழு ரூபாய்.

பெரிய பந்தல். பெரிய இடத்து விருந்து என்பதால் மொய் வைக்கிறவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். காளியாயி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்தாள். பந்தியில் உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு மொய் மேஜைக்கு வந்தாள். தட்டில் கிடந்த பணத்திலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டையும் ஒரு ரூபாய் நோட்டையும் நிதானமாக எடுத்தாள். எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள். பிறகு அதே தட்டில் வைத்தாள்.

“காளியாயி, நூத்தியொண்ணு. எழுதுங்க.”

வாசிக்கிற பையன் பழக்கத்தில், “நெல் அவியல் காளியாயி, ரூபாய் நூற்றியொன்று,” என்று வாசித்தும் விட்டான். மேஜையில் இருந்த கருத்தையாவின் பேனா ஓடவில்லை. நாகநாதன் வந்திருந்த பெரிய மனிதர்களை விட்டுவிட்டு ஓடிவந்தார். இது என்ன வேலை என்று கேட்டார்.

“நீக செஞ்ச மாதிரியே திருப்பிச் செஞ்சுட்டேன்யா. எங்க வீட்டுத் தட்டுல நூத்தியொண்ணு வச்சீக, பொழுதுசாய நீகளே எடுத்துக்கிட்டீக. எனக்கு அம்புட்டு நேரம் காத்துக்கெடக்கத் தோதுப்படல. ஆலைக்குப் போகணும். அதான் மொதல்ல எடுத்துட்டு அப்பறம் வச்சேன்.” கொஞ்சம் யோசித்து, “கூட்டித்தான் வைக்கணும்னாக. இன்னொரு பத்து ரூவா வைக்கவா?” என்று மறுபடி தட்டுக்குக் கை நீட்டினாள்.

பந்தியில் ஒருவர் இலையிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். தட்டிலிருந்த பணம் அங்கேயே எண்ணப்பட்டது. ஒரு காசு குறையவில்லை. குறையவில்லை என்பதுதான் நாகநாதனை மிகவும் கோபப்படுத்தியது. அவர் மேஜையின் மேல் குனிந்து, வாசிக்கிற பையனின் மைக்குக்கு நேராக, அவளைப் பார்த்துக் கேட்டார்.

“அடுத்தவுக வச்ச காச எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, அது ஏங் காசு, எழுதுங்குற. அதுக்குப் பேரு என்னா தெரியுமா?”

“தெரியாதுங்கய்யா. படிச்சவுக நீக, சொல்லுங்க.”

“களவாணித்தனம்!”

அது செக்காலை ரோடு வரைக்கும் கேட்டது. நிர்வாக இயக்குநர் அவர்கள் கம்பெனியின் தொழிலை இவ்வளவு சுருக்கமாகவும், ஆடிட்டரின் உதவி இல்லாமலும் ஊருக்கு எடுத்துச் சொன்னது அதுவே முதல் தடவை.