உன் செத்தவீடும் அத்தானின் தேர்தலும்

பலேர்மோ,
திங்கட்கிழமை.

என் ஆசைத் தங்கச்சி மொனிகாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீயும் சுகம் என்பதை எட்டு நாளுக்கு முந்தி, ஞாயிற்றுக்கிழமை உன் வாயாலேயே கேட்டுவிட்டபடியால், வழக்கமாக விசாரிக்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். அன்றைக்கு "அக்கா" என்று நீ சொன்னதும் நான் போனைக் கீழே போட்டேன். வீட்டுக்குள் இருந்த முப்பது பேரும் ஒன்றாக வீரிட்டார்கள். நான் திரும்ப எடுத்ததும், "என்னக்கா, எல்லாரும் குழறுகினம், ஆர் செத்தது?" என்று நீ கேட்டாய். பதில் சொல்லுமுன் லைன் அறுந்துவிட்டது. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். செத்தது நீதான்.

பயப்படாதே, முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு இந்த மாதம் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் உன் அத்தான் அருளையா, மற்றப் பக்கம் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் இராஜதுரை அண்ணன். அதுவரை இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பெரிய பிரச்சினை, மண்டபத்துக் கழிப்பறைக் கதவுக்குப் பூட்டுப் போடுவதா, கதவையே மாற்றுவதா என்பதுதான். அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை நீ வேலை செய்யும் நாட்டுக்கு மேலால் ஏவுகணை பறக்கத் தொடங்கியதும் கழிப்பறையை எல்லோரும் மறந்துபோனார்கள். அன்று பின்னேரமே இராஜதுரை அண்ணன் போரை வன்மையாகக் கண்டித்து அறிக்கை விட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள் அத்தான் மிக வன்மையாகக் கண்டித்தார். "ஆரைக் கண்டிக்கிறியள்?" என்று கேட்டேன். "அது இன்னும் சரியாத் தெரியேல்லை மாக்கிரட். ஆனா பிந்தினா இராஜதுரை முந்திப்போடுவான்" என்றார்.

வெள்ளிக்கிழமை இராஜதுரை அண்ணன் அடுத்த அடி வைத்தார். தான் வென்றால் துறைமுகத்தில் தனக்குத் தெரிந்த கப்டன் ஒருவரைப் பிடித்து, நேப்பிள்ஸ் போகும் கப்பலை உங்கள் பக்கம் திருப்பி, அகப்பட்ட எங்கள் ஆட்களை ஏற்றி வருவாராம். அத்தான் விடுவாரா? வந்து இறங்குகிறவர்களுக்கு இங்கே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கும் வேலை தன்னுடைய பொறுப்பு என்றார். ஆக, வெள்ளி பின்னேரத்துக்குள் நீ கப்பல் ஏறி, பலேர்மோவில் இறங்கி, வேலையும் எடுத்துவிட்டாய். சண்டை பிடிக்கிறவர்களுக்கு மட்டும் அது தெரியாது. சனி காலை இரண்டு பேரும் சமாதானத்துக்காக நேர்ந்துகொண்டு சாந்தா ரொசாலியா புனிதையின் கோவில் மலைக்கு ஏறினார்கள், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு. பாதி வழியில் மூச்சு முட்டி, ஒரே கல்லில் இருந்து ஒரே போத்தலில் தண்ணீர் குடித்ததைக் கண்ட ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் மறுக்கிறார்கள்.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அப்போது சிரிப்பு வரவில்லை. வியாழன் தொடக்கம் உன் போன் எடுபடவில்லை. நான் துப்புரவு வேலை செய்யும் சின்ஞோரா வீட்டில் ஒரே யன்னலை நாலு தரம் துடைத்தேனாம். அவ வந்து துணியைக் கையிலிருந்து வாங்கி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னா. எனக்கு இந்த உலகத்தில் கூடப் பிறந்தது நீ ஒருத்திதான் என்பது இத்தனை வருசமாகத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த மூன்று நாளில்தான் அது எனக்கு நெஞ்சில் உறைத்தது.

அங்கே அகப்பட்டவர்களின் பெயரை ஞாயிறு பூசையில் வாசிப்பிக்க வேண்டும் என்பது அத்தானின் யோசனை. நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. கோவில் அலுவலகத்திலிருந்து, உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒரு கட்டமும் இறந்தவர்களுக்கு ஒரு கட்டமும் போட்ட மன்றாட்டுத் தாள் எடுத்துவந்து, என் எழுத்துத்தான் வடிவு என்று என்னைக் கொண்டு எழுதுவித்தார். பதினாலு பேர். உன் பெயரை முதலாவதாக எழுதினேன். அந்தத் தாளை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. அந்த மனுசனுக்கு அது முடியுமா?

எங்கள் பாதர் இத்தாலியர். எங்கள் பெயர் ஒன்றும் அவர் வாயில் உருப்படியாக வராது. ஆனால் மொனிகா அவர்களுடைய பெயரும்தானே, மணி அடித்ததுபோல் சொன்னார். சொன்ன இடம்தான் இறந்த ஆன்மாக்களுக்காக மன்றாடும் இடம். எனக்குக் காது அடைத்தது. கோவிலுக்குச் செய்தி வந்துவிட்டது, எனக்கு நேரே சொல்ல மனமில்லாமல் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அதோடு விழுந்துவிட்டேன். மற்றவர்களின் பெயரை அவர் வாசித்த வாசிப்பில் சொந்தக்காரருக்கே ஆள் ஆரென்று பிடிபடவில்லை.

நான் கண் முழித்தபோது வீட்டில் இருந்தேன், வீடு செத்தவீடாக இருந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சோறும் சொதியும் கோப்பிப் போத்தல்களும் வந்து குவிந்திருந்தன. உன் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. இராஜதுரை அண்ணன் அதற்குள் கண்ணீர் அஞ்சலி ஒன்றைச் செய்து எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிட்டார். மூலையில் முத்திரை அளவில் உன் படம், நடுவில் அவர் படம். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். "உங்கட வீட்டுச் செய்திதானே அண்ணை, நான் உங்களைப் பார்த்துத்தான் நம்பினனான்" என்று சொல்லி அவர் கேவிக் கேவி அழுதார். அவரைப் பற்றி என்ன சொன்னாலும் அந்த அழுகை உண்மை.

அந்த நேரம் வாசலில் அன்ரனி வந்து நின்றான். உன் ஊரில் வேலை செய்கிற அதே அன்ரனிதான். லீவில் இங்கே வந்து நின்றது எங்களுக்குத் தெரியாமல் அவனையும் பட்டியலில் சேர்த்திருந்தோம். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. என்ர பேரையும் அரைகுறையா வாசிச்சவை. ஆனா நான் சாகேல்லை" என்றான். பட்டியலே பிழைத்துப்போயிருக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டு, அத்தான் செருப்பும் போடாமல் கோவிலுக்கு ஓடினார். அவர் ஓடிப் பத்து நிமிடம் இருக்காது, என் போன் அடித்தது. அது நீ.

அத்தான் திரும்பி வந்து, நீ கதைத்தாய் என்று கேட்டதும் படிக்கட்டில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு எழும்பி வந்து முப்பது பேருக்கும் முன்னால் சொன்னார்: "பிழை என்ர. மாக்கிரட் எழுதின தாளில கோப்பியை ஊத்திப்போட்டன். வேற தாளில நானே எழுதி, இறந்தவையின்ர கட்டத்தில அடையாளம் போட்டிட்டன்." இராஜதுரை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே படங்களோடு "நீடூழி வாழ்க" என்று மாற்றி அனுப்பினார்.

நேற்று வாக்கெடுப்பு. அத்தானுக்குப் பதினொன்று, இராஜதுரை அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு. உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்த ஐம்பத்தெட்டில் ஒன்று என்னுடையது. உயிரோடு இருக்கிற என் தங்கச்சியைச் செத்தவர்களோடு சேர்த்த மனுசனிடம் சங்கத்தை எப்படிக் கொடுப்பது? எட்டு நாளாக அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வைக்கிறேன்.

விமானங்கள் ஓடத் தொடங்கிவிட்டனவாம். அன்ரனி வியாழன் திரும்பிப் போகிறான், இதை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வெளியே திரியாதே. நேரத்துக்குச் சாப்பிடு. லீவு கிடைத்த அன்றே ஏறிவிடு. மாதா உன்னைத் தன் சீலைத் தலைப்புக்குள் பொத்தி வைத்திருக்கட்டும்.

உன் உயிர் அக்கா,
மாக்கிரட்

பி.கு.: மொனிகா, இது அத்தான். உறையை ஒட்டச் சொல்லித் தந்துவிட்டு அக்கா வேலைக்குப் போய்விட்டாள். நான் இந்தக் கடிதத்தை வாசித்தது பிழைதான். நான் ஒரு தாளிலும் கோப்பி ஊற்றவில்லை. அன்று கோவிலில் தாளை எடுத்துக் காட்டினார்கள். அக்காவின் எழுத்து, அக்கா போட்ட அடையாளம். உன் பெயர் முழுக்கக் கண்ணீரில் ஊறி மை பரந்திருந்தது. அப்படி அழுதுகொண்டு எழுதியவளுக்கு எந்தக் கட்டம் என்று எங்கே தெரியப்போகிறது? தன் கையாலேயே உன்னை அங்கே எழுதினாள் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். தாளை அங்கேயே கிழித்துப்போட்டேன். நீ வந்ததும் வாய் தவறியும் சொல்லிவிடாதே. என்னோடு கோபமாக இருக்கட்டும், அது எங்கள் இருவருக்கும் பழக்கம்தான்.