சிவப்புக் கரடிகள்

சமைக்கத் தெரியாதவர்களால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. பாவம், அவர்கள் கடையில் வாங்கிக்கொள்வார்கள். ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டதாக நம்புகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் நான் அந்த இரண்டாவது ரகம். (இப்போதும் அதே ரகம்தான் என்பது என் கணவர் தினேஷின் கருத்து. அவரை யார் கேட்டது?)

அப்போது நாங்கள் ஆயர் குரோவில் குடியிருந்தோம். தினேஷின் அக்கா வாசுகி இருந்தது புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில். வாசுகி அக்காவின் கைப்பக்குவத்துக்கு அந்தக் குடும்பத்தில் தனி மரியாதை. அவர் வைக்கும் நண்டுக் குழம்பைப் பற்றிப் பேசும்போது தினேஷின் குரலே குழைந்துவிடும். என் குழம்பைச் சாப்பிடும்போதும் அவர் குரல் மாறும்; அது வேறு மாதிரி. அக்காவிடம் ஒரே ஒரு தடவை சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் மகன் கவினுக்குப் பிறந்த நாள் வந்தது. கவினுக்குப் பாதிப் பல் சொத்தை. பள்ளிக்கு வந்த பல் டாக்டர் அவன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அக்காவை வரவழைத்துத் திட்டி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் மிட்டாய்க்குத் தடை. பிறந்த நாளுக்கும் தளர்த்த முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

"மிட்டாய் இல்லாம என்னா பேர்த்டே? அதுக்கு நான் பொறக்காமலே இருந்திருக்கலாம் லா!" என்று அவன் அழுதது, தினேஷின் காதில் இருந்த போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

நான் போனைப் பிடுங்கினேன். "அக்கா, நான் செஞ்சு கொண்டாரேன். ரப்பர் மாதிரி இழுக்குமே, அந்தக் கம்மி மிட்டாய். சீனியே போடாம, முழுக்க ஹெல்தி."

"செய்யத் தெரியுமா கௌரி உனக்கு?"

"அது ரொம்ப ஈசி அக்கா!"

போனை வைத்ததும் தினேஷ் கேட்டார். "கம்மி மிட்டாய்னா, மிட்டாய் கம்மியா இருக்குமா?" (கல்யாணத்துக்கு முன்பு இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் சிரித்திருக்கிறேன்.)

வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கிண்டி, சிரித்துக்கொண்டே ஊற்றி, சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து பெயர்த்தெடுத்தாள். அவள் போட்ட ஜெலட்டின் எங்களுக்கு ஆகாது. கடையில் நான் பார்த்த பாக்கெட்டெல்லாம் மாட்டிலிருந்து எடுத்தது. அதனால் கடற்பாசியில் எடுக்கும் அகார்-அகார் வாங்கினேன். அதில் செய்ததைக் கடித்தால் உடைந்து போனதே தவிர, ரப்பர் மாதிரி இழுக்கவில்லை. கொஞ்சம் மரவள்ளி மாவைக் கலந்து காய்ச்சினேன். இழுவை வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடத் தாராளமாகவே வந்தது.

ஒன்றை எடுத்து தினேஷின் வாயில் போட்டு, "எப்படி இருக்கு?" என்றேன்.

"ம்ம்," என்றார்.

"இனிப்பு பத்துதா?"

"ம்ம்ம்."

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டுவிட்டன. கையை ஆட்டி ஆட்டி ஏதோ முக்கியமாகச் சொல்ல முயன்றார். எங்கள் இல்லற வாழ்வில் அவ்வளவு அமைதியான மாலைப்பொழுது அதற்கு முன்பும் அமைந்ததில்லை, பின்பும் அமையவில்லை.

மாவைக் குறைத்துக் குறைத்து ஒரு வழியாகப் பதம் பிடித்தேன். அடுத்தது நிறம். வீடியோக்காரி ஸ்ட்ராபெரி போட்டாள். நானோ ஒரு படி மேலே போய்க் காய்கறி சேர்க்க நினைத்தேன். பாசாரில் பை நிறைய பீட்ரூட் வாங்கி வந்து, துருவிப் பிழிந்து, சாறு மை மாதிரி ஆகும்வரை சுண்டக் காய்ச்சி, தேனும் எலுமிச்சைச் சாறும் விட்டேன். சுவரெல்லாம் சிவப்பு, சிங்கெல்லாம் சிவப்பு. அந்த நேரம் போலீஸ் வந்திருந்தால், வீட்டுக்காரர் எங்கே என்றுதான் முதலில் கேட்டிருக்கும். ஆனால் கரடி அச்சிலிருந்து வெளியே வந்த கரடிகள், கண்ணாடி போல் பளபளவென்று, என்ன அழகு!

ஒரே ஒரு சிக்கல். கவினுக்கும் பீட்ரூட்டுக்கும் ஜென்மப் பகை. ஃபிரைட் ரைஸில் பதுங்கியிருந்த ஒரு சின்னத் துண்டைக் கண்டுபிடித்து, அந்தத் தட்டையே வேறு அறைக்குக் கொண்டுபோகச் சொன்னவன் அவன். எனவே கரடிகள் ஸ்ட்ராபெரிக் கரடிகள் ஆயின. தினேஷிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பிறந்த நாள் விருந்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பு இருக்கிறதே! கேக்கை விட்டுவிட்டுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அத்தை, இன்னொரு கரடி!" "ஆன்ட்டி, எனக்குத் தலை மட்டும் போதும்!" கவின் இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு, "ஸ்ட்ராபெரி செம்மையா இருக்கு அத்தை," என்றான். பக்கத்து வீட்டு சாந்தி, "ஸ்ட்ராபெரி எங்க வாங்குனீங்க? இவ்ளோ கலரா இருக்கு?" என்று விசாரித்தாள். ஆயர் குரோ பக்கம் கிடைக்கும் என்று அளந்துவிட்டேன். வாசுகி அக்கா என் தோளில் கை போட்டு, "கெட்டிக்காரி லா நீ," என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டோம். ஞாயிறு காலை, தலைக்கு ஏறிய புகழ் இறங்காமல் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கழிவறையிலிருந்து ஓர் அலறல்.

"அம்மா! எனக்கு ரத்தமா போவுது!"

அக்கா ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. சாந்தி. "அக்கா, எங்க யாழினிக்கு ஒண்ணுக்கு செவப்பா போவுதுக்கா, என்னன்னே தெரியல!" அதை வைப்பதற்குள் கேட்டுக்கு வெளியே இன்னொரு அம்மா, இடுப்பில் பிள்ளையோடு.

"நேத்து இங்கதானே எல்லாம் சாப்பிட்டாங்க?" என்று அவர் வாசலிலிருந்தே கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை.

நான் தினேஷை ஓரமாக இழுத்துப் போனேன். "ஏங்க, மரவள்ளியில விஷம் இருக்கும்னு சொல்வாங்களே, நெஜமா?"

"இதை இப்பவா கேக்குற?" என்றவர், சோதனைக்காகச் செய்த கரடிகளையெல்லாம் தின்றவர் தான்தான் என்பது நினைவுக்கு வந்து, அவசரமாகக் கழிவறைக்குப் போனார். திரும்பி வந்து, பரீட்சை முடிவு சொல்வதுபோல் சொன்னார்: "எனக்கு நார்மல்."

அது எனக்கு ஆறுதலாக இல்லை. பெரியவர்களுக்குத் தாங்கும், பிஞ்சுகளுக்குத் தாங்காத விஷம் போலிருக்கிறது என்று நடுங்கினேன். இரண்டு காரில் எல்லோரும் கிளினிக்குக்குப் பறந்தோம். வழியெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, இனிமே நான் அடுப்புப் பக்கமே போகமாட்டேன்," என்று முணுமுணுத்தேன். காரை ஓட்டிக்கொண்டிருந்த தினேஷ் மெதுவாக, "வேண்டுனா மறக்காம நிறைவேத்திடணும்," என்றார்.

கிளினிக்கில் அழுதுகொண்டிருந்தது அம்மாக்கள் மட்டும்தான். பிள்ளைகளுக்கு அதற்குள் குஷி பிறந்துவிட்டது. "எனக்குத்தான் ரொம்ப செவப்பு!" "போ லா, எனக்கு ரெண்டு தடவை வந்துச்சு!" என்று வரவேற்பறையில் போட்டி நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் அம்மா யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். வயதானவர், நிதானமானவர். கவினின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார். பிறகு, "ரத்தம் இல்லை. நேற்று பிள்ளையள் என்ன சாப்பிட்டவை?" என்றார்.

"ஸ்ட்ராபெரி கரடி!" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஸ்ட்ராபெரிக்கு இப்பிடி வராதே. ஆர் செய்தது?"

கைகள் எல்லாம் என் பக்கம் நீண்டன. டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பார்வை என் விரல்களில் வந்து நின்றது. எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் சிவப்பு போகாத விரல்கள். கையைப் பின்னால் மறைத்தேன். கொலைகாரி செய்கிற காரியம்தான், எனக்குத் தெரிகிறது.

"பிள்ளை, உதில என்ன போட்டனீங்கள்?"

"பீட்ரூட், டாக்டர்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்கோ."

"பீட்ரூட்!"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பீட்ரூட்டின் நிறம் சிலருக்கு அப்படியே வெளியே வருமாம், எல்லோருக்கும் வராதாம். "ஒரு பயமும் இல்லை. தண்ணி நல்லாக் குடுங்கோ. நாளைக்குச் சரியாப் போயிரும்."

அம்மாக்கள் மூச்சு விட்டார்கள். நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்போதுதான் கவின், ரத்தம் என்று நினைத்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத வீரன், உதடு துடிக்க என்னைப் பார்த்தான்.

"பீட்ரூட்டா?" என்றான். அடுத்த நிமிடம் கிளினிக்கே அதிர ஓவென்று அழுதான். "அம்மா, அத்தை என்னை பீட்ரூட் திங்க வச்சுட்டாங்க!"

வாசுகி அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "இவன் வாய்க்குள்ள ஒரு துண்டு வைக்க நான் எத்தனை வருஷமா போராடுறேன்! நீ பை நிறைய ஊட்டிட்டியேடி!" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். என்னை 'டி' போட்டு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

காரில் கவின் வெகுநேரம் விசும்பினான். வீடு நெருங்கும்போது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அத்தை, மிச்சம் இருக்கா?" என்று கேட்டான்.

"பீட்ரூட்டுடா கண்ணா."

"தெரியும். தெரியாத மாதிரி சாப்பிடுறேன்."

இப்போது கவின் என்னைவிட உயரம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிறந்த தங்கை ஒருத்தி அவனுக்கு உண்டு, இனியா. கதை சொல்லச் சொன்னால், ராஜா ராணிக்குப் பதிலாக இந்தக் கதையைச் சொல்லித்தான் அவளை வளர்த்திருக்கிறார்கள். போன தீபாவளிக்கு நான் பாண்டான் இலைச் சாறு விட்டுக் கேக் செய்து எடுத்துப் போனேன். நல்ல பச்சை, இந்த முறை எல்லாம் சரியாகவே வந்திருந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். இனியா ஒரு துண்டைக் கையில் வாங்கினாள். கடிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"அத்தை, நாளைக்கு இந்தக் கலர்தான் வருமா?"